கை எண்ணாத சபை

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நம்முடன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். இப்போது மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டோம்.

அவருடைய குழுவில் ஒரு கருத்து வேறுபாடு. தகவல்களைச் சேமிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலோர் எண்ணம். மாற்றினால் பழைய வாடிக்கையாளர் சிலருடைய கணக்குகள் பழுதாகும் என்பது இவருடைய அச்சம். அரைமணி நேரம் பேசியபின் குழுத்தலைவர் கை தூக்கச் சொல்லியிருக்கிறார். "அந்தப் பக்கம் ஏழு கை, இந்தப் பக்கம் இரண்டு கை. அதோடு முடிந்துவிட்டது ஹஜ்ரத். நான் சொன்னதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை" என்றார். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிப்பதாகக் கூறினார்.

தோற்றதைவிடப் பதில் கிடைக்காமல் போனதே அவரை வருத்தியது என்பதைக் கவனித்தோம். நாம் கணினி கற்றவர்கள் அல்லர். ஆயினும் அவருக்குப் பொறுப்பாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்று, அவருடைய துறையின் வரலாற்றையே சற்றுப் புரட்டிப் பார்த்தோம். இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட இணையம், இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கத் தெரிந்த மனிதர்களால் உருவானது என்பதை அப்போது அறிந்தோம். நம் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருப்பதால் அந்த வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கருத்துக் கேட்டு எழுதிய மடல்

1969-ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஆர்பா என்னும் அமைப்பு, தொலைவிலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்பாநெட் வலையமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது. முதலில் நான்கு இடங்கள் இணையவிருந்தன: லாஸ் ஏஞ்சலஸிலும் சாண்டா பார்பராவிலும் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம், யூட்டா பல்கலைக்கழகம். நான்கு இடங்களிலும் நான்கு வகையான கணினிகள் இருந்தன. அவை தமக்குள் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை வகுக்கும் வேலை, பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

அவர்களுள் ஒருவர் ஸ்டீவ் குரோக்கர். அப்போது அவருக்கு வயது 24. கூட்டங்களில் பேசியவற்றை எழுத்தில் பதிய வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. எழுத அமர்ந்தபோது ஓர் அச்சமும் கூடவே வந்தது. "இதையெல்லாம் முடிவு செய்ய நீங்கள் யார்?" என்று பெரிய அறிஞர் எவரேனும் வந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது? தங்கியிருந்த வீட்டில் மற்றவர்களின் தூக்கம் கெடாதிருக்க இரவில் குளியலறையில் அமர்ந்து எழுதியதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

தம் எழுத்துக்கு அவர் விதி என்றோ ஆணை என்றோ பெயரிடவில்லை. 'கருத்துக் கோரிக்கை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதன் ஆங்கிலச் சுருக்கமே ஆர்எஃப்சி. முதல் ஆர்எஃப்சி 1969 ஏப்ரல் 7 அன்று வெளியானது. அதே மாதத்தில் வெளிவந்த மூன்றாவது ஆர்எஃப்சி, இம்மடல்களை எப்படி எழுதலாம் என்பதைக் கூறியது. முற்றுப்பெறாத எண்ணத்தையும் எழுதலாம். விடை தெரியாத கேள்வியை மட்டும்கூட எழுதலாம். ஒரு வாக்கியமே போதும். எழுத்தில் வந்தது எதுவாயினும் அதை மறுக்க முடியாத தீர்ப்பாக மக்கள் கருதிவிடுகிறார்கள்; பக்குவப்படாத கருத்தை வெளியிடவும் தயங்குகிறார்கள். இவ்விரண்டையும் போக்குவதே தம் நோக்கம் என்று குரோக்கர் காரணமும் சொன்னார்.

ஓர் இளைஞரின் பணிவு பெரும் மரபாக மாறியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள், 1998-இல் தாம் இறக்கும்வரை, ஜான் போஸ்டெல் என்பவர் இம்மடல்களைத் தொகுத்துச் செப்பனிட்டு வெளியிட்டார். இன்று அவற்றின் எண்ணிக்கை 9,000-ஐக் கடந்துவிட்டது. மின்னஞ்சலும் இணையப் பக்கங்களும் இயங்குவதற்கான நெறிமுறைகள் இன்றும் இதே பெயரில்தான் வெளிவருகின்றன. கட்டாயமாகிவிட்ட நெறிமுறைக்கும் 'கருத்துக் கோரிக்கை' என்றே பெயர்!

பெரியோர் சபை செய்த பிழை

ஆனால் பணிவாகத் தொடங்கிய சபையிலும் பிணக்கு வராமல் போகவில்லை. 1986 ஜனவரியில், 21 பேர் கூடிய சிறு கூட்டமாக, ஐஇடிஎஃப் எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு தொடங்கியது. அதற்கு மேல், மூத்தோரைக் கொண்ட ஐஏபி என்னும் வாரியம் இருந்தது. நெறிமுறைகளுக்கு இறுதி ஒப்புதல் தரும் அதிகாரம் அந்த வாரியத்திடமே இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் இணையம் எவரும் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். அன்றைய முறையில் முகவரியின் நீளம் 32 பிட். அதைக் கொண்டு ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்ததில் முகவரிகள் விரைந்து தீர்ந்துகொண்டிருந்தன. இதைக் கண்டு ஐஏபி கவலைப்பட்டது. அந்தக் கவலை நியாயமானது.

1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடியபோது, அந்த மூத்தோர் ஒரு முடிவுக்கு வந்தனர். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு ஏற்கெனவே வகுத்துவைத்திருந்த சிஎல்என்பி என்னும் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு புதிய முகவரி முறையை அமைக்கலாம் என்பதே அது. நீண்ட முகவரி அதில் ஆயத்தமாக இருந்தது, காலமும் மிச்சமாகும்.

செய்தி பரவியதும் பொறியாளர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. தாம் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த முறையை விட்டுவிட்டுப் போட்டியாளர் முறையை ஏற்பதா என்ற மனத்தாங்கல் அதில் ஒரு பகுதி. தம்மைக் கலந்துகொள்ளாமல் மேலிருந்து முடிவு வந்துவிட்டதே என்ற ஆற்றாமை பெரும்பகுதி. நம் மொழியில் சொன்னால், மஷ்வரா இல்லாமல் வந்த முடிவு அது. நோக்கம் நன்றாயிருந்தும் வழி தவறியதால், அந்த முடிவின் நிறைகுறைகளை அமைதியாக எடைபோடும் மனநிலைகூட எவரிடமும் எஞ்சவில்லை.

அடுத்த மாதமே, ஜூலையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐஇடிஎஃப் கூடியது. அங்கே உரையாற்றிய டேவிட் கிளார்க், முன்பு ஐஏபியின் தலைவராகவே இருந்தவர். ஆணையிடும் தலைமையையும் அவர் ஏற்கவில்லை. தலைகளை எண்ணும் வாக்கெடுப்பையும் ஏற்கவில்லை. இச்சபை நம்ப வேண்டியவை இரண்டே என்றார்: ஏறத்தாழ ஒருமித்த கருத்து, இயங்கிக் காட்டும் நிரல். அவ்வுரை அச்சபையின் கொள்கை முழக்கமாகவே நிலைத்துவிட்டது.

ஐஏபி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. நெறிமுறைகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அதனிடமிருந்து, பணிக்குழுவை நடத்தும் குழுவுக்கு மாறியது. பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க, முன்வரும் உறுப்பினர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு தேர்வுக்குழு அமைக்கும் வழக்கம் வந்தது. முகவரிச் சிக்கலுக்குப் பல தரப்பாரும் தத்தம் திட்டங்களை முன்வைத்தனர். அவை ஒப்பிட்டு விவாதிக்கப்பட்டன. ஐபிவி6 எனப்படும் 128 பிட் முகவரி முறை 1995 டிசம்பரில் ஆர்எஃப்சியாக வெளிவந்தது.

உம் கொட்டும் வழக்கம்

கை எண்ணக் கூடாது என்றால், சபையின் மனத்தை அறிவது எப்படி? ஐஇடிஎஃப் கூட்டங்களில் விந்தையானதொரு வழக்கம் உண்டு. "இதை ஏற்பவர்கள் ஒலியெழுப்புங்கள்" என்பார் தலைவர். வாய் திறவாமல் எல்லோரும் உம் கொட்டுவார்கள். பிறகு ஏற்காதவர்களின் முறை. எந்தப் பக்கம் ஒலி மிகுந்தது என்பது தெரியும். ஆனால் எண்ணிக்கை தெரியாது. மேலதிகாரி எந்தப் பக்கம் கை தூக்குகிறார் என்று பார்த்துத் தன் கையைத் தூக்கும் நிலையும் இல்லை.

அந்த ஒலியோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை என்பதே இதில் முதன்மையானது. பீட் ரெஸ்னிக் என்பவர் 2014-இல் எழுதிய 7282-ஆம் ஆர்எஃப்சி இதை விரிவாக விளக்குகிறது. எதிர்ப்பொலி கேட்டால், "உங்கள் மறுப்பு என்ன?" என்று கேட்பதே தலைவரின் அடுத்த கடமை. எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதைவிட, விடை காணாத மறுப்பு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. நூறு பேர் ஆதரித்து ஐவர் மறுத்தாலும், அந்த ஐவரின் மறுப்புக்கு விடை இல்லையெனில் ஒருமித்த கருத்து உண்டாகவில்லை. மாறாக, மறுத்தவர்களின் காரணத்தை உண்மையாகவே ஆராய்ந்து, தக்க காரணம் கூறி, அது தடையல்ல என்று தெளிந்தபின், அவர்கள் மனம் முழுதும் ஏற்காவிட்டாலும் முன்னே செல்லலாம்.

ஆகவே மறுப்பவருக்கு இச்சபையில் கிடைக்கும் உரிமை, தன் விருப்பப்படி நடக்க வேண்டும் என்பதன்று. தன் சொல்லுக்கு நேர்மையான பதில் பெறும் உரிமையே அது. நம் மாணவருக்கு மறுக்கப்பட்டதும் அதுவே.

கிளார்க் சொன்ன இரண்டாவது பகுதியையும் மறந்துவிடலாகாது. 1996-இல் வகுக்கப்பட்ட விதியின்படி, ஒரு நெறிமுறை முதல் நிலையைக் கடந்து உயர வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத இரு தரப்பார் அதைத் தனித்தனியே உருவாக்கி, அவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவதைக் காட்ட வேண்டும். சொல்வன்மை உள்ளவர் பேசி வெல்லலாம். ஆனால் செய்துகாட்டிய பின்னரே அது உண்மையா என்பது தெரியும். சபையில் கூச்சப்படுகிறவருக்கும் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவருக்கும் இது பெரிய கதவு. நம் பிள்ளைகளுள் பலர் அத்தகையவர்களே.

இம்முறையில் குறைகளும் உண்டு. இது மெதுவானது. சளைக்காமல் பேசிக்கொண்டே இருப்பவர் மற்றவர்களைக் களைப்படையச் செய்துவிட முடியும். எல்லோரும் கூடி வகுத்த ஐபிவி6கூட உலகெங்கும் ஒரேயடியாகப் பழைய முறையின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. இன்றும் இரண்டும் அருகருகேதான் இயங்குகின்றன. கலந்துபேசி எடுத்த முடிவு உடனே பலன் தந்துவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் அம்முடிவைச் சுமந்து செல்ல மனிதர்கள் உடனிருப்பார்கள். கோபேயில் எடுத்த முடிவுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை.

மாணவருக்குச் சொன்னது

ஊர் திரும்பும் முன் அவரை அழைத்து இவ்வளவையும் சொன்னோம். "வேலையை விடுவது பற்றிப் பிறகு பார்க்கலாம். குரோக்கரைப் போல முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம்; கருத்துக் கேட்பதாக இருக்கட்டும். எந்தக் கணக்கு, எப்படிப் பழுதாகும் என்பதைப் பிரதி ஒன்றில் இயக்கிக் காட்டுங்கள். உங்கள் அச்சம் தவறென்று தெரிந்தால் அதையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்" என்றோம்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். முடிவு மாறவில்லை, மாற்றம் நடக்கத்தான் போகிறது. ஆனால் அவர் சொன்ன இரண்டு அச்சங்களுள் ஒன்று மெய்யென்று சோதனையில் தெரிந்து, அந்தக் கணக்குகளை முதலில் சரிசெய்ய ஏற்பாடாகியிருக்கிறது. மற்றொன்று வீண் அச்சம் என்பதை அவரே கண்டு, குழுவில் அவரே ஒப்புக்கொண்டாராம். "நான் தவறு என்று சொன்ன பிறகுதான் ஹஜ்ரத், மற்றதைக் கவனமாகக் கேட்டார்கள்" என்றார்.

அவர் குரலில் பழைய வாட்டம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.