தைப்பிங்

தைப்பிங், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் உள்ள நகரம். வெள்ளீயச் சுரங்கக் குடியிருப்பாகத் தோன்றி, 1876 முதல் 1937 வரை மாநிலத் தலைநகராக விளங்கியது.

தோற்றம்

1840களில் மலாய்ப் பிரமுகர் லோங் ஜாபார் லாருட் பகுதியில் ஈயத் தொழிலைத் தொடங்கினார். அவர் மகன் ஙா இப்ராகிம் அதை வளர்த்தார். திரளாக வந்த சீனத் தொழிலாளர்கள் மலையோடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, அந்த நீரில் மண்ணை அலசி ஈயத்தைப் பிரித்தனர். நீர் யாருக்கு, நிலம் யாருக்கு என்ற பூசல் பெரும் போராக வெடித்தது. கிலியான் பாவைச் சேர்ந்த ஹாய் சான் சங்கமும், கிலியான் பாருவைச் (இன்றைய கமுண்டிங்) சேர்ந்த கீ ஹின் சங்கமும் 1861 முதல் மோதின. 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை போரை முடித்து, பேராக்கில் ஆங்கிலேய ஆதிக்கத்துக்கும் வழிதிறந்தது. கிலியான் பாவ், தைப்பிங் என்று பெயர் மாறியது.

நகர அமைப்பு

1880இல் பெருந்தீயில் அழிந்த கடைவீதி, அகன்ற நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கட்ட அமைப்பில் மீண்டும் எழுந்தது. நடுவில் சந்தையும் மணிக்கூண்டும் அமைந்தன. நகரின் வடபுறத்தில் சிறைச்சாலையும் (1879), அதற்கு எதிரே மலாயாவின் முதல் அருங்காட்சியகமும் (1883) அமைந்தன. கிழக்கே மலையை ஒட்டி ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகள் ஏரிகளாயின. ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ அளித்த அந்த நிலம் 1880களில் ஏரிப்பூங்காவாக உருப்பெற்றது. மேற்கே, ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல போர்ட் வெல்ட் வரை சுமார் 13 கி.மீ. ரயில்பாதை இடப்பட்டது. 1885 ஜூன் 1இல் திறக்கப்பட்ட இதுவே மலாயாவின் முதல் ரயில்பாதை. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். பின்னாளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயா ரயில்வேயில் பணியில் அமர்ந்தனர்.

பிற்காலம்

கிந்தா பள்ளத்தாக்கில் தைப்பிங்கைவிட வளமான ஈயப் படிவுகள் கண்டறியப்பட்டதும் முதலும் உழைப்பும் அங்கே நகர்ந்தன. 1937இல் தலைநகரமும் ஈப்போவுக்கு மாறியது. போர்ட் வெல்ட் ரயில்பாதை பின்னர் மூடப்பட்டது. அந்தத் துறைமுகம் இன்று கோலா செபெத்தாங் என்னும் மீனவர் ஊர்.

தீபகற்ப மலேசியாவில் மிகுந்த மழை பெறும் ஊர்களில் ஒன்றான தைப்பிங்கில், பழைய ஈயக்குட்டைகள் இன்றும் நீர் நிறைந்து நிற்கின்றன. கரையிலுள்ள தூங்குமூஞ்சி மரங்கள் ஒரு நூற்றாண்டைக் கடந்தவை. தோண்டிச் சிதைத்த நிலத்தையும் மக்களுக்கான பொதுவிடமாக மீட்கலாம் என்பதற்கு மலாயாவின் முதல் பொதுப்பூங்காவான இந்த ஏரிப்பூங்கா சிறந்த சான்று.