யூனிக்ஸ் மேசைக்கணினியில் மொழி அமைப்பின் வரலாறு

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரலின் பட்டி தமிழில் இருக்கும். பக்கத்துச் சாளரம் ஆங்கிலத்தில் இருக்கும். தேதி வேறொரு நாட்டு முறையில் தெரியும். இதைத் தனியொரு நிரலாளரின் கவனக்குறைவாகக் கொள்வது சரியல்ல. மொழித் தேர்வைக் குறித்துவைக்கும் இடங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருகிவந்தன. பழையவையும் நீங்காமல் நின்றன.

1989இல் வெளியான அமெரிக்கச் சி மொழித் தரம் 'செட்லோகேல்' என்னும் செயற்கூற்றை வகுத்தது. எழுத்து, அகரவரிசை, எண், நாணயம், நேரம் எனத் தனித்தனிப் பிரிவுகள் அதில் இருந்தன. செய்திகளுக்கான பிரிவை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் சேர்த்தது. இதனால் ஜெர்மானிய முறைப்படி தசமத்துக்குக் காற்புள்ளி இட்டுக்கொண்டே, செய்திகளை ஆங்கிலத்தில் படிக்க முடிந்தது. தெரிவைச் சூழல் மாறிகள் சொல்கின்றன. 'எல்சி_ஆல்' இருந்தால் அதுவே செல்லும். இல்லாவிட்டால் 'எல்சி_டைம்' போன்ற தனி மாறிகள். அவையும் இல்லாதபோது 'லாங்'. செட்லோகேலை அழைக்காத நிரல் 'சி' எனப்படும் ஆங்கில இயல்புநிலையிலேயே நிற்கும். கேட்ட மொழிக்கான தரவு கணினியில் உருவாக்கப்படாதிருந்தாலும் அதே விளைவுதான்.

மொழிபெயர்ப்புக்கு உல்ரிச் டிரெப்பர் 1995இல் வெளியிட்ட குனு கெட்டெக்ஸ்ட் வழி திறந்தது. அதில் ஆங்கில வாக்கியமே திறவுகோல். மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் அந்த ஆங்கிலமே திரைக்கு வரும். அரைகுறை மொழிபெயர்ப்போடும் நிரல் ஓட இதுவே காரணம். கலப்பு மொழித் திரைகளுக்கும் இதுவே பெருங்காரணம். 'லாங்குவேஜ்' என்ற மாறியில் மொழிகளை முன்னுரிமை வரிசையில் அடுக்கவும் அது வசதி தந்தது. செய்திகளைப் பொறுத்தவரை இந்த மாறி எல்சி_ஆலையும் மீறும். எல்சி_ஆலை மாற்றியும் பட்டி மாறாதபோது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

எழுத்துக் குறியாக்கம் இன்னொரு சிக்கல். தமிழில் திஸ்கி போன்ற குறியாக்கங்கள் புழங்கின. குனு சி நூலகத்தின் மாற்றிகளில் திஸ்கிக்கும் இடமுண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாகக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடித்த யுடிஎஃப்-8 குறியாக்கம், ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 வந்த 2002இல் அந்த வழங்கலின் இயல்புநிலையானது.

மேசைச் சூழல்கள் சிக்கலைக் கூட்டின. கேடிஈ மொழித் தேர்வைத் தன் அமைப்புக் கோப்பிலேயே வைத்திருந்தது. சூழல் மாறிகளை மட்டும் பார்க்கும், ஜிடிகே கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்களுக்கு அது தெரியாமல் போனது. 2014இல் வந்த கேடிஈ ஃபிரேம்வொர்க்ஸ் 5 பொது மாறிகளுக்குத் திரும்பியது காலம் தாழ்த்திய, ஆனால் சரியான முடிவு. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரெஆஃபிசும் தங்கள் மொழித் தொகுப்புகளைத் தனியே கேட்கின்றன.

கணினித் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி வந்தபின் கணினி முழுமைக்குமான தேர்வுக்கு 'லோகேல்.கான்ஃப்' என்ற பொதுக் கோப்பு கிடைத்தது. ஆனால் நிரல்களிடையே செய்தி கடத்தும் டி-பஸ் வழியே தொடங்கும் நிரல்கள், பயனரின் ஷெல்லிலிருந்து சூழலைப் பெறுவதில்லை. ஆகவே ஷெல் தொடக்கக் கோப்பில் செய்த மாற்றம், அப்படித் தொடங்கும் க்னோம் டெர்மினலை எட்டாமல் போகலாம்.

திருத்தும் முறை இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. 'லோகேல்' கட்டளையால் நடப்பு மதிப்புகளையும், 'லோகேல் -ஏ' கட்டளையால் நிறுவப்பட்ட மொழிகளையும் பார்க்கவேண்டும். எல்சி_ஆலை நிரந்தரமாக வைக்கக் கூடாது. அது சோதனைக்கு உரியது. லாங்கை அமர்வு தொடங்கும் இடத்தில் ஒருமுறை குறித்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பெரும்பாலான நிரல்கள் ஒரே மொழிக்கு வந்துவிடும். அதன் பின்னும் மாறாதவற்றின் சொந்த அமைப்புகளை மட்டும் பார்த்தால் போதும்.