மகமையும் மருந்தறையும்

விருதுநகர் வட்டாரத்தின் பழைய வணிகக் கணக்குகளில் ‘மகமை’ என்றொரு செலவு உண்டு. சந்தைக்கு வந்துபோகும் சரக்கின்மீது மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் உறவின்முறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட பொதுவரி அது. கோயிலும் கிணறும் பள்ளியும் அப்பணத்தில் எழுந்தன. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அம்மரபின் பெருஞ்சான்று. இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மகமை இலாபத்திலிருந்து எடுத்த கொடையன்று. சரக்கு நகரும்போதே கழித்து வைத்த செலவு. வணிகருக்கு ஆதாயமா நட்டமா என்று அது கேட்பதில்லை.

இம்மரபில் வந்தவர்களே சிவகாசித் தொழிலின் முன்னோடிகள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் அத்தொழில் கஞ்சி வார்த்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. உலகப்போரால் இறக்குமதி தடைப்பட்டது. பட்டாசுத் தொழில் வேர்பிடித்தது. கொடையும் தொடர்ந்தது. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் பெண்களுக்கென்று ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் கல்லூரி என, தொழில் ஈட்டிய பணம் உயர்கல்வியாயிற்று. இதைக் குறைத்துப் பேசுவது நன்றியாகாது.

ஆயினும் அதே காலத்தில், பொழுது விடியுமுன் ஊர்தோறும் வந்து நின்ற ஆலை வண்டிகள், பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றன. 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு இந்நிலையை ஆராய்ந்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி ஆங்கில ஆய்விதழில் எழுதிய கட்டுரை நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1991 ஜூலையில் மீனம்பட்டி ஆலை வெடிப்பில் 39 பேர் மாண்டபோது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்றது அது. கல்லூரிகளை மனமுவந்து கட்டிய ஊரில், குழந்தைகளை ஆலையிலிருந்து மீட்க நீதிமன்றம் விலை குறிக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர், வெடிப்புகள் வெளியேறவில்லை. மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பனவெல்லாம் விதிகளில் உண்டு. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க உருப்படிக் கூலி கையை விரட்டுகிறது. உரிமம் ஒருவர் பெயரிலிருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. அறையில் இடம் போதாமல் வேலை மரத்தடிக்கு வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் மாண்டோருள் உதவிக்கு ஓடியவர்களும் இருந்தனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் கருகினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இன்று நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவாக நம்முன் நிற்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். சிறு பட்டாசு ஆலைகள் இவ்வளவுக்குள் வருவதில்லை. வரும் நிறுவனங்களுக்கும், தம் தொழிலாளர்க்கு மட்டும் பயன்தரும் செலவு இக்கணக்கில் சேராது. அது சரியே. தொழிலாளியின் உயிரைக் காப்பது தருமமன்று, கடமை. ஆனால் தருமத்துக்கு ஏடும் கல்வெட்டும் உண்டு. நடக்காமற்போன விபத்துக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. பெயர் கிடைக்காத செலவே முதலில் வெட்டுப்படுகிறது.

மகமையைக் கண்டுபிடித்த மண் இது. ஆதாயம் வருமுன்னரே கழிக்கப்படும் செலவு என்றால் என்னவென்று இம்மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பள்ளிக்காக மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்தவர்களின் வழிவந்தோர், மருந்தறைக்காகப் பெட்டிக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கலாம். பட்டாசின் விலை சற்றுக் கூடும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வாங்கி வெடிக்கும் நாம்தாம்.