லினக்ஸ் கணினிக்கு மதர்போர்டு: தென்காசியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆனி மாதம் பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். ஆவணி வரை தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சாரல்தான். மனிதர்களுக்கு இது சுகம். கணினிக்கு அப்படி இல்லை! காற்றின் ஈரமும் போர்டில் படிந்த தூசியும் சேர்ந்தால் மெல்லிய மின்கசிவு, துரு, விட்டு விட்டு வரும் கோளாறு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். போர்டு போய்விட்டால் திருநெல்வேலிக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ அலைய வேண்டியிருக்கும். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரே ஒரு கணினி வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

லினக்ஸ் போட நினைப்பவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த போர்டில் உள்ள சில்லுகள் லினக்ஸுக்கு ஒத்துழைக்குமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

திறந்திருந்த காலம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை வெளியிட்டபோது, அதன் மின்சுற்று வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் கையேட்டில் அச்சிட்டு விற்றது. நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியமாக இல்லை. 1982ல் காம்பேக் நிறுவனம் சொந்தமாக பயாஸ் எழுதி, அதற்கு இணையான கணினியை அறிவித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் இறங்கின. இன்று கடையில் அசெம்பிள் செய்து கணினி வாங்க முடிவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது அப்படிப்பட்ட ஒரு 386 பி.சி.யில்தான். தன்னிடம் இருக்கும் ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதிலும் அது ஓடாமல் போகலாம் என்று அவரே அப்போது எழுதினார். காரணம் எளிது. சில்லின் விவரம் தெரிந்தால்தான் அதற்கு டிரைவர் எழுத முடியும்.

மூடிக்கொண்ட சில்லுகள்

1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அமைப்பைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒலி, நெட்வொர்க் எல்லாம் போர்டிலேயே வந்து உட்கார்ந்தன. விலை குறைந்தது, சிக்கல் கூடியது. அதே காலத்தில் வந்த 'வின்மோடம்' நல்ல உதாரணம். மோடம் செய்யவேண்டிய வேலையை விண்டோஸ் மென்பொருளின் தலையில் கட்டிய மலிவுச் சில்லு அது. டெலிபோன் வழியாக இணையம் வந்த நாட்களில், லினக்ஸ் நிறுவியவர்கள் பலர் இதனால் இணையமே இல்லாமல் தவித்தார்கள். ஆனால் அதே அளவு மலிவான ரியல்டெக் 8139 நெட்வொர்க் சில்லு லினக்ஸில் சிக்கலின்றி ஓடியது. ஆக, தீர்மானித்தது விலை அல்ல, வெளியே தெரிந்த விவரம்தான்.

2000களின் தொடக்கத்தில் வேறொரு தொல்லை வந்தது. தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் போர்டுகளில் உப்பி வெடித்தன. கணினி திடீரென்று நின்றுபோகும். பழியோ பாவம், இயங்குதளத்தின் மேல் விழும்! திட கெபாசிட்டர்கள் பரவலாக வந்த பிறகுதான் இது அடங்கியது.

சோதித்துப் பார்க்கும் வழி

2000ல் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ், நிறுவாமலேயே சிடியிலிருந்து ஓடும் லினக்ஸைப் பிரபலமாக்கியது. 2004ல் வந்த உபுண்டு, 2011 வரை இலவசமாகவே தபாலில் சிடி அனுப்பியது. வாங்கும் முன் கடையிலேயே போட்டுப் பார்க்கும் வசதி சாதாரண மனிதருக்குக் கிடைத்தது இப்படித்தான்.

தமிழக அரசும் இந்தப் பாதையில் நடந்தது. 2000களின் பிற்பகுதியில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மொத்தமாக வாங்கும் அரசு, 'லினக்ஸில் ஓடவேண்டும்' என்று நிபந்தனை போடலாம். ஒரே ஒரு போர்டு வாங்கும் தென்காசிக் குடும்பத்துக்கு அந்தப் பலம் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே பலம், முன்கூட்டியே விசாரிப்பது.

2012ல் விண்டோஸ் 8 உடன் 'செக்யூர் பூட்' வந்தபோது, லினக்ஸ் இனி ஓடவே ஓடாதோ என்ற பயம் எழுந்தது. கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரல் அந்தக் கதவைத் திறந்தது. இன்று உபுண்டு, டெபியன் போன்றவை அதிலும் ஓடுகின்றன.

வரலாறு சொல்லும் பாடம்

நம்பகமான போர்டு என்பது புத்தம் புதியதும் அல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. சந்தைக்கு வந்து ஓரிரு வருடம் ஆன போர்டே நல்லது. புதுச் சில்லுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்து, டெபியன் போன்ற நிதானமான வெளியீடுகளுக்கு வந்துசேர அந்தக் காலம் தேவைப்படும். பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல் நெட்வொர்க், ஒலி, வைஃபை சில்லுகளின் பெயரைப் பார்க்க வேண்டும். பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுபோய் கடையிலேயே ஓட்டி, எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையால் அவற்றைச் சரிபார்க்கலாம். திட கெபாசிட்டர், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., சரியான எர்த்திங் மூன்றும் கட்டாயம்.

சீசன் மாதங்களில் கணினியை நாள்கணக்கில் அணைத்தே வைக்காமல் தினமும் சிறிது நேரம் ஓடவிட்டால், அந்தச் சூட்டில் ஈரம் காயும். சாரலை யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எந்தச் சில்லு தன் விவரத்தை மறைக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியும்.