செய்யுள்வழி வரலாற்று இலக்கணம்: யாப்பு என்னும் சாட்சி

ஒரு மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி செய்யுளாக இருந்தால், அதன் வரலாற்று இலக்கணத்தை எழுதுபவருக்கு ஓர் அடிப்படை ஐயம் எழும். கண்ணில் படும் வடிவம் அக்கால மக்கள் வழங்கிய வடிவமா, அல்லது அடி நிரம்புவதற்காகப் புலவர் வளைத்த வடிவமா? கிரேக்க மொழியில் ஹோமரின் காப்பியங்களைக் கொண்டு இலக்கணம் எழுதியவர்கள் எதிர்கொண்ட ஐயம் இது. தமிழில் சங்கப் பாடல்களை ஆராய்பவர்களும் இதையே எதிர்கொள்கிறார்கள். வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் எனச் செய்யுள் விகாரங்களை நம் இலக்கணிகளே வகுத்துவைத்திருப்பதால், செய்யுள் நம்பத்தகாத சாட்சி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் பாதி மட்டுமே சரி.

கிரேக்கச் சான்றை முதலில் பார்க்கலாம். ஹோமரின் அடிகளில் சில சொற்களுக்கு முன் உயிரும் உயிரும் மோதி ஓசை தடுக்குகிறது. அச்சொற்களின் தலையில் ஒரு வகர ஒலி இருந்து மறைந்தது என்று 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பென்ட்லி கருதினார். அரசனைக் குறிக்கும் 'அனக்ஸ்' முன்பு 'வனக்ஸ்' என ஒலித்திருக்க வேண்டும் என்பது அதன் விளைவு. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் பழங்கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்துகளைப் படித்தறிந்தபோது, களிமண் பலகைகளில் அந்த வகரம் அப்படியே இருந்தது. எழுத்து கைவிட்ட ஒலியை யாப்பு காத்துவைத்திருந்தது.

தமிழில் இதற்கு இணையானது குற்றியலுகரம். தொல்காப்பியம் நேர், நிரை என்பவற்றோடு உகரத்தில் முடியும் நேர்பு, நிரைபு என்னும் அசைகளையும் கொள்கிறது. யாப்பருங்கலம் முதலான பிற்கால நூல்கள் நேர், நிரை இரண்டோடு நின்றுவிடுகின்றன. அதனால் பிற்கால அளவுகோலில் மூவசைக் காய்ச்சீராகத் தோன்றும் சில சங்கச் சீர்கள், தொல்காப்பிய அளவில் ஈரசைச் சீர்களாகவே அமைகின்றன. ஈற்று உகரம் ஒரு தனி அசையாக நிற்கும் வலிமை அற்றது என்ற ஒலியுண்மை பழைய கணக்கில் இருக்கிறது. புதிய கணக்கிலும் அது முழுதாக மறையவில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய 'காசு', 'பிறப்பு' என்னும் வாய்பாடுகள் அந்தப் பழைய அசைகளின் எச்சம்.

ஒலிக்கு இவ்வாறு சான்றளிக்கும் யாப்பு, சொல்லிலக்கணத்துக்கு எந்த அளவு உதவும்? 'கள்' விகுதி நல்ல சோதனைக்களம். தொல்காப்பியம் இதை அஃறிணைக்கு உரியதாகவே கூறுகிறது. திருக்குறளிலோ உயர்திணைச் சொற்களோடும் வருகிறது. 263ஆம் குறளில் 'மற்றையவர்கள்', 919ஆம் குறளில் 'பூரியர்கள்'. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதுபோலத் தெரிந்தாலும், சான்று என்ற வகையில் அவை வேறுபட்டவை.

263ஆம் குறளின் ஈற்றடியில் அச்சொல் 'மற்றை', 'யவர்கள்' என இரு சீர்களாகப் பிரிந்து நிற்கிறது. விகுதியை நீக்கினால் எஞ்சுவது ஒரே சீர். அடி மூன்று சீருக்குக் குறைந்து வெண்பா சிதைந்துவிடும். ஆகவே 'கள்' இங்கு மூலத்திலேயே இருந்தது, ஏடெழுதியவர் பின்னர்ச் சேர்த்ததாக இருக்க முடியாது. ஆனால் ஓசைக்காகவே புலவர் அதைச் சேர்த்தார் என்று வாதிட இடமுண்டு. 919இல் நிலைமை நேர்மாறு. 'பூரியர்கள்' கூவிளங்காய், 'பூரியர்' கூவிளம். அடுத்த சீர் நேரசையில் தொடங்குவதால் காய்முன் நேர், விளமுன் நேர் இரண்டுமே வெண்டளைக்குப் பொருந்தும். விகுதி இல்லாமலும் அடி பிழையின்றி ஓடுகிறது. எனவே யாப்பு வற்புறுத்தியதால் வந்த விகுதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஏடெழுதியவர் கைச்சரக்காக இருக்கலாமே என்ற ஐயம் இப்போது திறந்துகொள்கிறது.

வரலாற்று இலக்கணியின் சிக்கல் முழுவதும் இந்த இரு குறள்களில் அடங்கியிருக்கிறது. யாப்பு கட்டாயப்படுத்தும் வடிவம் படியெடுத்தவரிடமிருந்து பாதுகாப்பானது, புலவரின் வசதிக்கு ஆட்பட்டது. யாப்பு கண்டுகொள்ளாத வடிவம் புலவரின் இயல்பான தேர்வு, ஆனால் படியெடுத்தவரின் கைக்கு எட்டக்கூடியது. இரு வகையும் சேர்ந்து வரும்போதுதான் முடிவு உறுதிப்படும். விகாரப் பட்டியலைக் காட்டிச் செய்யுளை ஒதுக்குபவர்களும், பாட்டில் கண்டதையெல்லாம் வழக்காக எடுத்துக்கொள்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

'யான்', 'நான்' என்பதை இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். மூத்த தொகைகளில் 'யான்' வழங்க, 'நான்' பரிபாடலில் தலைகாட்டுவது காலக்கணிப்புக்கு எடுத்துக்காட்டப்படுவது உண்டு. இரண்டும் நேரசையே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் ஓசை குலையாது. ஆகவே ஓரிடத்து 'நான்' மட்டும் பெரிய பாரத்தைத் தாங்காது. இத்தகைய இடங்களில் யாப்புக்கு வெளியே சான்று தேட வேண்டும். 'ஈத்த', 'ஈந்த' என்பனவும் அசையால் வேறுபடாதவை. ஆனால் 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியின் கொடையைச் சொல்லும்போது 'ஈத்த' என்றே பொறிக்கிறது. புறநானூற்றுத் தலைவன் ஒருவனைப் பற்றிய உரைநடை, பாட்டின் வடிவத்தை உறுதிசெய்கிறது.

பதிப்பு வரலாற்றிலும் ஒரு பொறி உண்டு. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பல இடங்களில் ஓசையை வைத்தே வாசிப்பை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அப்படி யாப்பால் மீட்ட வடிவத்தை யாப்புக்கே சான்றாகக் காட்டினால் வாதம் வட்டமடிக்கும்.

இலக்கணத்துக்கு எடுத்துக்கொள்ளும் பாடல்களின் அளவெல்லையும் முக்கியம். ச. அகத்தியலிங்கம் பதிற்றுப்பத்தை மையமாகக் கொண்டு 1979இல் பழந்தமிழ் இலக்கணம் எழுதினார். தாமஸ் லேமன் 1994இல் கபிலர் பாடல்களைச் சிறப்பாகக் கொண்டார். வி.எஸ். ராஜம் 1992இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட பெருநூல் செவ்வியல் செய்யுள் பரப்பையே இலக்கணமாக்கியது. ஒரு புலவருக்குள் நிற்கும் இலக்கணம் காலக் கலப்பைத் தவிர்க்கும், பரப்பு முழுவதையும் எடுப்பது அரிய வடிவங்களைத் தப்பவிடாது. இவற்றோடு க. கைலாசபதியின் ஆய்வையும் சேர்க்க வேண்டும். கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வுசெய்து, 1968இல் நூலாக்கிய அவர், சங்கப் பாடல்களில் வாய்மொழி மரபின் வாய்பாட்டுத் தொடர்களைக் கண்டார். அக்கொள்கை இன்றும் விவாதத்துக்கு உரியதே. ஆயினும் வழிவழி வரும் தொடருக்குள் வழக்கொழிந்த வடிவம் உறைந்து கிடக்கும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் நம்பும் இலக்கணம் இடறும்.

இம்முறையை மலேசியத் தமிழுக்கும் பயன்படுத்தலாம். சிரம்பானை ஒட்டிய அம்பாங்கான் வட்டாரத்திலும் நெகிரி செம்பிலானின் பிற பகுதிகளிலும் பால்மரக் காடுகளில் வேலை செய்தவர்களின் பாட்டுகள் வாய்வழி வந்தவை. ரப்பரைக் குறிக்கும் 'கித்தா' என்னும் மலாய்வழிச் சொல் ஓர் அடியில் வந்தால், அந்த அடி கடல் கடந்தபின் பிறந்தது என்று கொள்ளலாம். பாட்டு முழுவதற்கும் அது பொருந்தாது, தாலாட்டும் ஒப்பாரியும் ஊரிலிருந்தே வந்திருக்கலாம். பேச்சில் 'வானம்' 'மானம்' ஆகும். பாடுபவர் 'மானம்' என்று தொடங்கி 'மழை'யோடு மோனை சேர்க்க, எழுதியெடுப்பவர் 'வானம்' என்று திருத்தினாலும் மோனை கெடாது. மகரமும் வகரமும் யாப்பில் இனமோனை. திருத்தம் தடயமின்றிப் போய்விடும். ஆகையால் தோட்டப் பாட்டின் இலக்கணத்துக்கு அச்சிட்ட தொகுப்பைவிட ஒலிப்பதிவே முதற்சான்று. அது கிடைக்காத இடத்தில், திருத்தினால் ஓசை உடையும் அடிகளை மட்டுமே உறுதியான தரவாகக் கொள்ள முடியும்.