பாரிய பயணிகள் விமானம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு காலத்தின் போக்குவரத்துச் சாதனத்தை மதிப்பிடுவதற்கு அதன் நீளமும் நிறையும் மட்டும் போதா. அதில் ஏறிச் செல்வோர் யாவர், எவ்விலை கொடுத்து அவர்கள் செல்கின்றனர் என்பனவும் நோக்கப்படல் வேண்டும். இவ்வகையிற் பாரிய பயணிகள் விமானத்தின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1966 இல் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் நிறுவனத்திடம் இருபத்தைந்து 747 விமானங்களைக் கோரிற்று. ஒரு பயணத்தின் செலவைப் பல ஆசனங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வோர் ஆசனத்தின் செலவும் குறையும் என்பதே இக்கோரிக்கையின் அடிப்படை. முன்னைய 707 விமானத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பயணிகளை ஏற்றத்தக்கதாக, உள்ளே இரு நடைபாதைகளுடன் இது அமைக்கப்பட்டது. எஞ்சினின் முன்புறத்துப் பெரிய விசிறி உள்ளிழுக்கும் காற்றின் பெரும்பகுதி, எரியும் அறைக்குட் செல்லாது புறத்தே தள்ளப்பட்டமையால் எரிபொருள் மிச்சமாயிற்று. ஓடுபாதை தாங்கும் பொருட்டு விமானத்தின் பாரம் பதினெட்டுச் சக்கரங்களிற் பரப்பப்பட்டது. ஒலியினும் விரைந்த விமானங்கள் வந்ததும் 747 சரக்கேற்றவே பயன்படும் என அக்காலத்தவர் கருதினர். ஆகவே மூக்குப் பகுதியைத் திறந்து சரக்கேற்றத்தக்கதாக விமானி அறை மேலே வைக்கப்பட்டது. இவ்விமானத்தின் தனித்த அடையாளமான முதுகுத் திமில் இவ்வாறே தோன்றிற்று. 1969 பெப்ரவரி 9 இல் முதன்முதலாகப் பறந்த 747, 1970 ஜனவரி 22 இல் நியூயோர்க் - இலண்டன் சேவையிற் புகுந்தது.

கீழைத்தேயங்கள் இவ்விமானங்களுக்கு மன்னர் பெயர்களைச் சூட்டின. எயார் இந்தியாவின் 747 விமானங்களுள் ஒன்று இராசேந்திர சோழன் பெயரையும், பிறிதொன்று மகேந்திரவர்மன் பெயரையும் தாங்கின. 1984 இல் எயார் லங்கா பெற்ற 747 விமானத்திற்கு விஜய மன்னனின் பெயர் இடப்பட்டது. ஆயினும் 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர் வளைகுடா நாடுகளை நோக்கிய அகலுடல் விமானங்களின் ஆசனங்களை நிரப்பியோருட் பெருந்தொகையினர் தொழிலாளரே.

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற தோட்டப்புறங்களை வைத்து நோக்குகையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையிற் காடு கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். அத்தகையோரின் வழிவந்தோருட் பலர், சிறப்பாகப் பெண்கள், பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து சில மணி நேரத்தில் வளைகுடாவை அடைந்தனர். அன்று கங்காணியின் முற்பணம் கடனாயிற்று. இன்றும் வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருட் பலர் கடன்பட்டே விமானம் ஏறுகின்றனர்.

2007 இற் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ380 முழுநீள ஈரடுக்குகள் கொண்டது. அதன் சிறகின் அகலம் ஏறத்தாழ 80 மீற்றர். 853 பயணிகள் வரை ஏற்ற அனுமதி பெற்றது. எனினும் 251 விமானங்களோடு 2021 இல் அதன் உற்பத்தி முடிவுற்றது. 747 வகையின் இறுதி விமானமும் 2023 ஜனவரியிற் கையளிக்கப்பட்டது. இரண்டே எஞ்சின்களுடன் முந்நூறு பேரைக் குறைந்த எரிபொருளிற் கொண்டு செல்லும் விமானங்கள் தோன்றியமையே இதற்குத் தலையாய காரணம். பாரிய விமானத்தை ஆக்கிய ஆசனக் கணக்கே அதனை ஒதுக்கவும் செய்தது.

பயணத்தின் செலவைக் குறைத்தமை இவ்விமானங்கள் விட்டுச்சென்ற மெய்யான பேறாகும். அப்பயணத்தை மேற்கொள்வோரின் உழைப்பிற்கு உரிய விலை கிட்டிற்றா என்பதையும் வரலாற்று மாணவர் ஆராய்தல் வேண்டும்.