கரை மோதும் அலையும் கடாரத் துறையும்

கடாரத்திற்கும் சோழ நாட்டிற்கும் இருந்த தொடர்பை ஆராய்வோர் மன்னரையும் படையெடுப்பையும் வாணிகத்தையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அத்தொடர்பின் இருமுனையிலும் நின்ற கரைகளின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆழ்கடலில் எழும் அலை ஆழங்குறைந்த மணற்பரப்பை நெருங்கியதும் விரைவு குன்றும், உயரம் மிகும், பின் உடைந்து நுரைக்கும். கடலடி மெல்லச் சரிந்திருப்பின் நுரை வழிந்து அடங்கும். செங்குத்தாயின் அலை கவிழ்ந்து விழும். சோழமண்டலக் கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. வங்கக் கடலின் அலை அதில் நேராக வந்து உடையும். சென்னையில் 1861இல் இரும்புப் பாலத்துறை அமையும்வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மசூலாப் படகுகளே ஆளையும் பொருளையும் கரை சேர்த்தன. அப்படகின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆதலின் மணலில் மோதினும் அவை உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன.

கெடாவின் கரையோ வேறு. சுமத்திரா இந்துமாக்கடலின் பேரலையைத் தடுத்து நிற்றலின், நீரிணையில் அலை பொதுவாகச் சிறிது. ஆற்றுமுகங்களில் சேறும் அலையாத்திக் காடும் மிகுதி. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை மாலுமிக்குத் தொலைவிலிருந்தே வழிகாட்டிற்று. மெர்போக் ஆறு மரக்கலங்களுக்கு அமைதியான புகலிடமாயிற்று. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களும் சுங்கை பத்துவின் இரும்புருக்கு உலைகளும் இத்துறையின் வளத்துக்குச் சான்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி ஒருவர் இங்கிருந்து நாகைக்கு 30 நாளில் சென்றதாக இத்சிங் எழுதியுள்ளார். அந்த நாகையிலேதான் கடாரத்து அரசர் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தனர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் கூறும். 1025இல் இராசேந்திரனின் கடற்படை வந்ததும் இக்கடாரத்தின் மீதே.

பிற்காலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரிற் பலர் நாகையிலும் சென்னையிலும் கப்பலேறியவர். நாகையில் கரையோர அலையைப் படகிற் கடந்தே அவர்கள் கப்பலை அடைய வேண்டியிருந்தது. அவருட் பலருக்கு அவ்வலையே தாய்மண்ணின் கடைசித் தொடுகை.

இன்று சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இளைஞர் அலைச்சறுக்குப் பயில்கின்றனர். அடியில் பாறையின்றி மணலே இருப்பின், விழுந்தாலும் காயம் குறைவு. புதியவர்க்கு அது ஏற்றது. அச்சம் தந்த அலை விளையாட்டுக்கு உதவுகிறது.

ஆயினும் கடலின் அமைதி நிலையானதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. சுமத்திராவைச் சுற்றிவந்து கெடாவின் கோத்தா கோலா மூடாவிலும் உயிர் கவர்ந்தது. பண்டு மரக்கலங்கள் இணைத்த இரு கரைகளை அன்று ஒரே துயரம் இணைத்தது.